கோப்பு கிடைக்கவில்லை

சென்ற வாரம் என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். வீட்டுக் கணினி ஓடவில்லையாம். கடையில் காட்டியதற்கு "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்களாம். "பெட்டி என்ன தேதி காட்டுகிறது, பார்த்தீர்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. வயதாகிவிட்டது, கிழவன் எதையோ உளறுகிறான் என்று நினைத்திருப்பார். அவருக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நம்மில் பலர் வீட்டில் பத்து வயது கணினி இருக்கிறது. அதில் என்னென்ன வைத்திருக்கிறோம் என்பது அது ஓடாத அன்றைக்குத்தான் தெரியும்.

என் கணினியில் என் அண்ணன் கடிதங்கள் இருந்தன. முப்பத்தேழு கடிதங்கள்.

அண்ணன் என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாகச் சேர்ந்து, 1958 முதல் 1962 வரை அல்ஜீரியாவில் இருந்தார். மாதம் தவறினாலும் கடிதம் தவறாது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். எனக்கோ பள்ளியில் கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாமே பிரெஞ்சில். தமிழ் எழுத்தைத் தடங்கலில்லாமல் படிக்க நான் கற்றுக்கொண்டது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அண்ணனுடைய கோணல் கையெழுத்தில்தான்.

2011 தொடக்கத்தில், ஓய்வூதியப் பணத்தில் ஒரு கணினியும் ஸ்கேனரும் வாங்கினேன். ஜூலையில் உட்கார்ந்து எல்லாக் கடிதங்களையும் ஸ்கேன் செய்தேன். அந்த ஆண்டு டிசம்பர் 30 நம் ஊர்க்காரர்கள் யாருக்கும் மறக்காது. தானே புயல். ஓடுகள் பறந்து, பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. நான் திறந்து பார்த்தபோது உள்ளே நீலமாக ஒரு கூழ் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடிதங்கள் இருந்த ஒரே இடம் இந்தக் கணினி.

அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு, எதற்கெடுத்தாலும் மூன்று நகல் எடுத்தவன் நான். கார்பன் தாள் வைத்து விரலெல்லாம் கறுத்துப் போகும். வீட்டில் ஒரு நகல் எடுக்கவில்லை. "பென் டிரைவில் போட்டு வைங்கப்பா" என்று மகள் பல முறை சொல்லியிருக்கிறாள். செய்கிறேன் என்று நானும் பல முறை சொல்லியிருக்கிறேன்.

2017 கோடையில் பெங்களூரில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்தோம். கிளம்பும்போது, இடி மின்னலுக்குப் பயந்து எல்லா மின் இணைப்புகளையும் பிடுங்கிவிட்டுப் போனேன். நல்ல பிள்ளையாகச் செய்த வேலை. அதுதான் வினையானது, ஆனால் அது பின்னால் தெரிந்த கதை.

திரும்பி வந்து கணினியைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. கீழே எஃப்-1 அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். நாலு வண்ணச் சுடர்கள் சுற்றி வந்து விண்டோஸ் சின்னமாகச் சேருமே, அதுவும் வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு நீலத் திரை. உடனே எல்லாம் அணைந்து மறுபடி முதலிலிருந்து. மறுபடி எஃப்-1, மறுபடி சின்னம், மறுபடி நீலம். தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு முறை சொன்னது. அரைமணி நேரம் யோசித்துவிட்டு, முடியவில்லை என்று கைவிரித்தது.

ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டு போனேன். எந்தக் கடை என்பது வேண்டாம். கடையில் இருந்த பையன் கெட்டவன் இல்லை; அவன் முன்னால் ஏழெட்டுப் பெட்டிகள் வயிறு திறந்து கிடந்தன. போட்டுப் பார்த்தான், அவனும் எஃப்-1 அழுத்தினான், நீலத்தைப் பார்த்தான்.

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார். புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தரேன். இல்லன்னா இதையே ஒரு தடவை ஃபார்மட் பண்ணிப் பாக்கலாம்."

"உள்ளே இருப்பது?"

"ஃபார்மட் பண்ணா போயிடும் சார். முக்கியமா ஏதாவது இருக்கா? சென்னைக்கு அனுப்பினா எடுத்துத் தருவாங்க. பதினஞ்சாயிரம் வரைக்கும் கேப்பாங்க. வந்தாலும் வரும், வராமலும் போகும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. என் முகம் சொல்லியிருக்கும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டு பழைய விஷயம் ஒன்றை நினைத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுபதுகளில், ஒரு வயதான அம்மாள் அலுவலகத்துக்கு நடையாக நடந்தார். கணவர் சொல்தா, இறந்துவிட்டார், பென்ஷனுக்குத் திருமணப் பதிவின் நகல் வேண்டும். ரெக்கார்டு ரூமில் தேடியவர் "கோப்பு கிடைக்கவில்லை" என்று நோட் எழுதி, கீழே சுருக்கொப்பமும் போட்டுவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். பதிவேடு அலமாரியில், இருக்க வேண்டிய தட்டில், இருக்க வேண்டிய ஆண்டில்தான் இருந்தது. முழுக்கப் பிரெஞ்சுக் கையெழுத்து. தேடியவர் நம் ஊர் இணைப்புக்குப் பிறகு வந்தவர். ஆங்கிலமும் தமிழும் நன்றாகத் தெரிந்தவர். படிக்கத் தெரியவில்லை என்று எழுத வேண்டிய இடத்தில், கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். இரண்டும் ஒன்றல்ல.

அந்த நினைவோடு ஒரு சந்தேகமும் வந்தது. ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்றால், விண்டோஸ் சின்னம் எங்கிருந்து வந்தது? அதுவும் அந்தத் தட்டிலிருந்துதானே வர வேண்டும்? செத்தவன் வாசல் வரை வந்து வணக்கம் சொல்லிவிட்டா சாவான்?

மறுநாள் லியோனில் இருக்கும் அண்ணன் பேரனை வாட்ஸ்அப்பில் பிடித்தேன். அங்கே கணினிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தான். தமிழ் பேசினால் ஓரளவு புரிந்துகொள்வான், பேச வராது, எழுத்து சுத்தமாகத் தெரியாது. எங்கள் பேச்செல்லாம் பிரெஞ்சில்தான். என் சந்தேகத்தைச் சொன்னதும் பையன் சிரித்தான். "சின்ன தாத்தா, அது சரியான கேள்வி. முதலில் அந்த நீலத் திரையை நிறுத்திப் படியுங்கள்" என்றான்.

கணினி கிளம்பும்போது எஃப்-8 அழுத்தினால் ஒரு பட்டியல் வரும்; அதில் தானாக மறுபடி கிளம்பாதே என்று சொல்ல ஒரு வரி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்ததும் நீலத் திரை அப்படியே நின்றது. வைரஸ் இருக்கிறதா பார், புதிதாக டிஸ்க் போட்டிருந்தால் கழற்று என்று பொதுவான புத்திமதிகள். அடியில் ஒரு எண். நிறைய சுழியங்கள், கடைசியில் 7பி. படித்துச் சொன்னேன்.

"தட்டு செத்ததற்கு அது சாட்சி இல்லை. நுவாயோ தட்டைப் பார்க்க முடியாமல் நிற்கிறது. பிலோத் பிரச்சினையாக இருக்கலாம்" என்றான்.

இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும். ஆங்கிலத்தில் கெர்னல், டிரைவர் என்பவற்றைப் பிரெஞ்சில் நுவாயோ, பிலோத் என்கிறார்கள். நுவாயோ என்றால் பழத்தின் கொட்டை, மாங்கொட்டையும் நுவாயோதான். பிலோத் என்பவன் துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டிக் கூட்டி வருகிறவன். இந்தச் சொற்களையெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் மெனக்கெட்டு வைத்துக்கொள்வார்கள். கணினிக்கு 'ஒர்தினாத்தர்' என்ற பெயர்கூட, ஐ.பி.எம். நிறுவனம் கேட்டதற்காக ஜாக் பெரே என்ற பேராசிரியர் 1955இல் கொடுத்தது. எனக்கு ஆங்கிலத்தில் டிரைவர் என்றால் கார் ஓட்டுகிறவர்தான். அதனால் அதுவரை அந்தச் சொல் எனக்கு எதையும் விளக்கியதில்லை. பிலோத் என்றதும் சட்டென்று விளங்கியது. அந்தக் காலத்தில் நம் ஊரில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு முழுக்கக் கப்பலில் பத்திரமாக இருக்கும். ஆனால் அலை தெரிந்த சலங்குக்காரன் போகாவிட்டால் ஒரு மூட்டை கரையேறாது. அப்பா இதைச் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பேரன் விளக்கியதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். கணினியைப் போட்டதும் முதலில் விழிப்பது பயாஸ் என்கிற சின்ன நிரல். அது தாய்ப்பலகையிலேயே ஒரு சில்லில் இருக்கிறது. தட்டிலிருந்து படிக்க அதற்குச் சொந்தமாக ஒரு வழி உண்டு. மெதுவான வழி, ஆனால் எப்போதும் உண்டு. அந்த வழியாகத்தான் விண்டோஸின் கெர்னலும், அதற்கு உடனடியாகத் தேவைப்படும் சில டிரைவர்களும் நினைவகத்துக்கு வந்து சேருகின்றன. சின்னம் திரையில் வருவது இந்தக் கட்டத்தில். பிறகு கெர்னல் பொறுப்பேற்கிறது. ஏற்றதும் பயாஸின் வழியை விட்டுவிட்டு, தன் சொந்த டிரைவர் மூலம் தட்டோடு பேசப் பார்க்கிறது. அந்த டிரைவர் தட்டோடு நேரே பேசாது. நடுவில் கண்ட்ரோலர் என்று ஒரு சில்லு இருக்கிறது, அதோடுதான் பேசும். பேச்சு ஒத்துவரவில்லை என்றால் அந்த நொடியிலிருந்து கெர்னலுக்குத் தட்டு கிடையாது. வேறு டிரைவர் வேண்டுமென்றால் அதுவும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. அலமாரிச் சாவியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டின கதை.

"தட்டு நன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம்" என்று சொல்லி, லினக்ஸ் உள்ள பென் டிரைவ் ஒன்று தயார் செய்யச் சொன்னான். எனக்கு அது வராது. பக்கத்து வீட்டுப் பெண் பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள். அவள் தன் மடிக்கணினியில் உபுண்டு ஒன்றை இறக்கிப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். "எதையும் இன்ஸ்டால் பண்ணிடாதீங்க தாத்தா, 'டிரை' மட்டும் குடுங்க" என்று இரண்டு தடவை எச்சரித்துவிட்டுப் போனாள்.

பென் டிரைவிலிருந்து கணினி கிளம்பியது. தட்டைத் திறந்தேன். அண்ணன் பெயரில் உறை இருந்தது. உள்ளே முப்பத்தேழு படங்கள். முதல் படத்தைத் திறந்தேன், அந்தக் கோணல் எழுத்து திரை முழுக்க வந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். குரல் சரியாக வரவில்லை.

வேறு எதுவும் செய்வதற்கு முன், இன்னொரு பென் டிரைவை மாட்டி, அதில் புதிதாக ஓர் உறை திறந்து எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். ஆறு வருடம் தாமதமான நகல். எடுத்து முடித்துச் சரிபார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. மூலக் கடிதங்கள் ஸ்கேன் செய்யப்பட்ட தேதி 2011 ஜூலை. நான் இப்போது உருவாக்கிய உறையின் தேதி 2010 ஜனவரி 1.

மூலத்துக்கு ஒன்றரை வருடம் முந்தைய நகல்! அலுவலகத்தில் இப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால், அனுப்பியவருக்கு அன்றே மெமோ போயிருக்கும். தேதி முத்திரை தவறினால் மற்ற எதையும் நம்பக் கூடாது என்பது எங்கள் பாடம். லினக்ஸ் திரையின் கடிகாரத்தைச் சொடுக்கினேன். அங்கேயும் 2010 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை.

பேரனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாதக்கணக்கில் பிளக் பிடுங்கி வைத்திருந்தீர்களா?" என்றான்.

காரணம் இதுதான். தாய்ப்பலகையில் ஐந்து ரூபாய்க் காசுபோல ஒரு வட்ட பேட்டரி இருக்கும்; சி.ஆர். 2032 என்று மேலே எழுதியிருக்கும். இருபது மில்லிமீட்டர் அகலம், மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் தடிமன். அந்த எண்ணே அளவைத்தான் சொல்கிறது. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரம் ஓடவும், பயாஸின் அமைப்புகள் மறக்காமல் இருக்கவும் அந்த பேட்டரி வேண்டும். பிளக் சொருகியே இருந்தால் பேட்டரிக்குப் பெரிதாக வேலை இல்லை. நான் பிடுங்கி வைத்த ஒரு மாதத்தில், ஆறு வயதான பேட்டரி கடைசி மூச்சை விட்டிருக்கிறது. பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, ஆலையிலிருந்து வந்த நாளின் அமைப்புக்குப் போய்விட்டது. அதைத்தான் அந்த வெள்ளை எழுத்து தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. நான் படிக்காமலே எஃப்-1 அழுத்தினேன். கடைப் பையனும் அப்படியே.

மறந்ததில் ஒன்று முக்கியமானது. கண்ட்ரோலருக்கு இரண்டு மொழி தெரியும். ஐ.டி.இ. என்பது பழைய மொழி, ஏ.எச்.சி.ஐ. என்பது சாட்டா தட்டுகளுக்காகப் பின்னால் வந்தது. எந்த மொழியில் பேச வேண்டும் என்பதை பயாஸில் ஒரு வரி முடிவு செய்கிறது. இரண்டுக்கும் விண்டோஸ் 7இல் டிரைவர் உண்டு. ஆனால் நிறுவும் சமயத்தில் எந்த மொழி இருந்ததோ அந்த டிரைவரை மட்டும் தொடக்கத்தில் எழுப்பிவிட்டு, மற்றதைச் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதற்காகத் தூங்க வைத்துவிடும். லினக்ஸ் பென் டிரைவோ யார் வீட்டுக் கணினி என்று தெரியாமல் போகிற விருந்தாளி. அதனால் இரண்டு டிரைவரையும் கையில் வைத்துக்கொண்டு, சில்லின் அடையாள எண்ணைப் பார்த்துப் பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். தட்டு அதற்கு மட்டும் தெரிந்தது இதனால்தான். (வீட்டில் நிலையாக நிறுவிய லினக்ஸுக்கும் சில சமயம் இதே நோய் வரும் என்றான் பேரன். எனக்கு அந்த விவரம் அன்று வேண்டியிருக்கவில்லை.)

லினக்ஸில் ஒரு கட்டளை அடிக்கச் சொன்னான். எந்த டிரைவர் ஓடுகிறது என்று காட்டியது. "இப்போது உங்கள் கணினி ஐ.டி.இ. பேசுகிறது. 2011இல் என்ன பேசியது? அது தெரிந்தால் போதும்" என்றான்.

அதை யாரிடம் கேட்பது? பொருத்திக் கொடுத்தவர் ஊரில் இல்லை. ஆனால் நான் எழுத்தர் அல்லவா? கணினி வீட்டுக்கு வந்த அன்றைக்கே அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தேன். பீரோவில், வீட்டு வரி ரசீதுகளுக்கு அடியில் இருந்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில், "ஏ.எச்.சி.ஐ. வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். வேகம் என்றார்." அன்றைக்கு எனக்கு ஒரு எழுத்தும் புரியாமல் எழுதிக்கொண்டது.

பயாஸுக்குள் போனேன். சாட்டா என்ற தலைப்பின் கீழ் ஐ.டி.இ. என்று இருந்தது. ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றி, தேதியையும் நேராக்கி, சேமித்து வெளியே வந்தேன். சுடர்கள் சுற்றி வந்தன, சின்னமாகச் சேர்ந்தன. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். நீலம் வரவில்லை. என் பேத்தியின் புகைப்படம் போட்ட பழைய திரை வந்தது.

பேட்டரிக்கு அன்று இருபத்தைந்து ரூபாய் கொடுத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்ற வேண்டும்; மாற்றியதும் பயாஸ் மறுபடி எல்லாவற்றையும் மறந்திருக்கும், ஆகவே அந்த ஒரு வரியையும் தேதியையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். நான் முதல் முறை இதை மறந்து மறுபடி நீலத்தைப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்கிறவர்கள், மாற்றுவதற்கு முன் ஏற்கெனவே என்ன இருந்தது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பலனில்லை என்றால் பழையபடியே வைத்துவிடலாம். ஐ.டி.இ.க்கும் ஏ.எச்.சி.ஐ.க்கும் நடுவே மாற்றுவதால் தட்டில் இருப்பது அழியாது. அதே இடத்தில் ரெய்டு என்று மூன்றாவதாக ஒன்று இருக்கலாம்; அதன் பக்கம் போக வேண்டாம். எல்லா நீலத் திரைக்கும் இது மருந்து என்றும் நினைக்க வேண்டாம். தட்டு உண்மையிலேயே சாவதும் உண்டு. டக் டக்கென்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

பேட்டரி வாங்கப் போனது அதே கடைக்குத்தான். நடந்ததைச் சொன்னேன். குத்திக்காட்டச் சொல்லவில்லை, ஃபார்மட் செய்யட்டும் என்று நான் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொன்னேன். பையன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "தேதி தப்பா இருந்துச்சா சார்? நான் பாக்கவே இல்லையே" என்றான். பிறகு பின்பக்கம் போய், கழற்றி ஓரமாக வைத்திருந்த யாருடைய பெட்டியையோ மறுபடி எடுத்துவந்து மேசை மேல் வைத்தான்.

கடிதங்களின் ஒரு நகலை லியோனுக்கும் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பேரன் கூப்பிட்டான். எல்லாவற்றையும் திறந்து பார்த்தானாம். "எழுத்து மட்டும் தெரிகிறது சின்ன தாத்தா. தாத்தா என்ன எழுதியிருக்கிறார்?" என்று கேட்டான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கடிதத்தை எடுத்தேன். தமிழில் ஒரு வரி படிப்பேன், பிரெஞ்சில் அவனுக்குச் சொல்வேன். மூன்றாவது வரியிலேயே நிறுத்தச் சொன்னான். ஓரான் துறைமுகத்தில் இறங்கியதும் அவன் தாத்தா எழுதிய முதல் கடிதம் அது. அதில் அம்மாவிடம், சிவப்புப் பசு கன்று போட்டதா, காளையா கிடாரியா என்று கேட்டிருந்தார்.

"என்ன போட்டது?" என்றான் பேரன்.

கிடாரி என்று சொன்னேன்.